யாருக்கும் பிடிக்காத பச்சை

எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தபோது, ஒரு அரையாண்டு விடுமுறையில், நானும் என் மாமியாரும் சேர்ந்து எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அதற்கு முன்னால் எங்கள் இருவரில் ஒருவர்கூட ஒரு ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் பூசியதில்லை.

வீடு போத்தனூரில், தண்டவாளத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஒரு ஹால், இரண்டு ரூம், சமையல்கட்டு, பின்னால் பொடக்காலி என்று நாங்கள் சொல்லும் கொல்லைப்புறம். கட்டியவர் என் மாமனார். நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே அவர் தவறிவிட்டார். என் வீட்டுக்காரர் கூட்ஸ் வண்டியில் கார்டு. ஈரோட்டுக்கு என்று சொல்லிக் கிளம்புவார். ஜோலார்பேட்டை வரை போய் மூன்றாம் நாள் வந்து சேருவார். மாதத்தில் பாதி நாள் அத்தையும் நானும்தான் வீட்டில்.

அத்தைக்கு அப்போது ஐம்பது வயது. அதுவரை எங்களுக்குள் சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. அக்கம்பக்கத்தில் அதைப் பெருமையாகப் பேசுவார்கள். ஆனால் சண்டை வராமல் நாங்கள் பார்த்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அது சண்டையைவிட அலுப்பானது. நான் பள்ளிக்கூட டீச்சர் என்பதால் அத்தைக்கு என்னிடம் ஒரு தயக்கம். அவர் கணவரை இழந்தவர் என்பதால் எனக்கு அவரிடம் ஒரு தயக்கம். முதலில் நீங்கள் சாப்பிடுங்கள் என்பேன். நீ சாப்பிடு அம்மணி என்பார். சோறு ஆறிப்போகும். குழம்பில் உப்பு போடவே இல்லையென்றாலும் நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டே சாப்பிட்டு முடிப்போம்.

அந்த வருஷம் என் நாத்தனாருக்கு ஏழாம் மாதம். பொள்ளாச்சியில் கட்டிக் கொடுத்திருந்தது. முதல் பிரசவம் என்பதால் ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்து வருவதாக முடிவாகியிருந்தது. ஐப்பசி மழையில் ஹால் சுவரெல்லாம் ஓதம் ஏறி, பூசணம் பிடித்து, சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. பிள்ளைத்தாய்ச்சி வந்து படுக்கிற வீடு இப்படியா இருப்பது என்று என் வீட்டுக்காரர் பெயிண்டர்களைப் பேசி வைத்தார். கலர் அட்டையையும் வாங்கி வந்து எங்கள் கையில் கொடுத்துவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார்.

கலர் தேர்ந்தெடுத்தது ஐந்து நிமிஷ வேலை. உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதையே அடிக்கலாம் என்றேன். உனக்குப் பிடிச்சதே இருக்கட்டும் கண்ணு என்றார் அத்தை. அட்டை எங்கள் நடுவில் கிடந்தது. அவர் விரல் வெளிர்பச்சைக் கட்டத்தின் மேல் நின்றதைப் பார்த்தேன். "இந்தப் பச்சை நல்லாருக்குதுங்க அத்தை" என்றேன். அவர் உடனே, "ஆமா கண்ணு, அதே இருக்கட்டும்" என்றார். எனக்குச் சந்தன நிறம்தான் ஆசை. சொல்லவில்லை. ஹாலுக்கும் இரண்டு ரூமுக்கும் பச்சை டிஸ்டம்பர் மூன்று பக்கெட் வந்து இறங்கியது.

பெயிண்டர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். விடுமுறை விட்ட மறுநாள் வந்தார்கள். சாமான்களையெல்லாம் பொடக்காலிக்குக் கொண்டுபோய்ப் படுதா போட்டு மூடினோம். அவர்கள் ஒரே நாளில் எல்லாச் சுவரையும் சுரண்டி எடுத்துவிட்டு, ஏணியையும் பிரஷ்களையும் ஹாலில் சாத்திவிட்டு, காலையில் வருவதாகச் சொல்லிப் போனார்கள். காலையில் வந்தது தம்பி மட்டும். ஆனைமலையில் அவர்கள் பெரியப்பா இறந்துவிட்டார். பதினாறு நாள் கழித்துத்தான் வேலைக்கு வர முடியும். சொல்லும்போது அவன் கண்கள் சிவந்திருந்தன. அவனிடம் என்ன கேட்பது? போய் வாருங்கள் என்றோம்.

வேறு ஆள் தேடினேன். பொங்கலுக்கு முன்னால் கோயமுத்தூரில் சும்மா இருக்கிற பெயிண்டர் யார்? மூன்று பேரைப் பார்த்தேன். மூன்று பேரும் தை பிறக்கட்டும் என்றார்கள். திரும்பி வந்தபோது அத்தை சுரண்டிய ஹாலின் நடுவில் நின்றிருந்தார். சுவர்கள் சொறி பிடித்த மாதிரி இருந்தன. இந்தக் கோலத்தில் மகளைக் கொண்டுவந்து படுக்க வைப்பதா என்று அவர் கேட்கவில்லை, முகத்தில் இருந்தது.

"ஏனுங்க அத்தை, நாமளே அடிச்சா என்னங்க?"

சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன். அவர் ஏணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு போய் முன்கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஏணி மேல் அவரை யாரும் பார்த்துவிடக் கூடாதாம்.

முதல் நாள் முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதிலும் விரிசல்களுக்குப் பட்டி வைப்பதிலும் போனது. மாலையில் மாவு மில்லில் வேலை பார்த்தவர்கள்போல இரண்டு பேரும் வெளுத்துக் கிடந்தோம். அடுத்த நாள் பெயிண்ட். பக்கெட்டில் எழுதியிருந்த கணக்குப்படி தண்ணீரை அளந்து கலக்கினேன். அறிவியல் டீச்சர் இல்லையா. கலக்கியது சுவரில் நிற்கவில்லை. கை வழியே வழிந்து முழங்கையில் சொட்டியது. அடுத்த கலவையை அத்தை தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்தார். அது பிரஷை விட்டு வர மறுத்தது. மூன்றாவதை இரண்டு பேரும் சேர்ந்து, இன்னும் கொஞ்சம், போதும் போதும் என்று கரைத்தோம். மோர்க்குழம்பு மாதிரி வந்தது. அது சுவரில் நின்றது.

ஏணியில் நான்தான் முதலில் ஏறினேன். நாலாவது படியில் கீழே பார்த்தேன், தலை சுற்றியது. ஏணியைப் பிடிப்பதா பிரஷைப் பிடிப்பதா என்று தெரியாமல் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். அத்தை என்னை மெதுவாக இறக்கிவிட்டார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகி, தலையில் துண்டைக் கட்டி, பிரஷை வாங்கிக்கொண்டு ஏறினார். மேல் படி வரை நிற்காமல் ஏறினார். கல்யாணத்துக்கு முன்பு தொண்டாமுத்தூர்ப் பக்கம் அவர்கள் தோட்டத்தில் புளியமரம் ஏறியதுண்டு என்று மேலிருந்தே சொன்னார். மூன்று வருஷத்தில் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன முதல் விஷயம் அது. ஆனை வருகிறது என்று சத்தம் கேட்டால் இவர் இறங்கி ஓடாமல் மரத்திலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாராம்.

நான் கீழ்ப்பாதி, அவர் மேல்பாதி என்று அடித்துக்கொண்டே போனோம். கதவும் ஜன்னலும் சாத்தியிருந்ததால் வேர்த்து ஊற்றியது. அவர் பிரஷிலிருந்து சொட்டியதெல்லாம் என் தலையில் விழுந்தது. விழுந்த ஒவ்வொரு சொட்டுக்கும் அவர் மேலிருந்து மன்னிப்பு கேட்டார். பரவாயில்லைங்க அத்தை என்று நான் கீழிருந்து சொன்னேன். சாயங்காலத்துக்குள் என் தலையில் பாதி பச்சை. ஹாலின் மூன்று சுவர் முடிந்தது.

மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வந்தபோது அத்தை எனக்கு முன்பே வேலையை ஆரம்பித்திருந்தார். நாலாவது சுவரின் கீழே தரையெல்லாம் பேப்பர் விரித்திருந்தது. முந்தின நாள் சிவப்புச் சிமெண்டுத் தரையில் சொட்டியதைத் தேய்த்து எடுக்க நாங்கள் பட்ட பாட்டுக்கு அது நல்ல யோசனைதான். பழைய செய்தித்தாள் என்று நினைத்துத்தான் பக்கத்தில் போனேன். குனிந்து ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று எழுதியிருந்தது.

ஏழாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள்கள். நாற்பத்திரண்டு பிள்ளைகள். திருத்துவதற்காகக் கொண்டுவந்து பழைய பேப்பர் கட்டோடு சேர்த்து அட்டாலிப் பரணில் நானே வைத்திருந்தேன். எழுதாத பக்கம் மேலே இருக்கும்படி வரிசையாக விரித்து, நகராமல் நாலு மூலையிலும் செங்கல் துண்டு வைத்திருந்தார் அத்தை. பச்சைச் சொட்டு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக ஞாபகமில்லை. எது பேப்பர் எது பரீட்சைப் பேப்பர் என்றுகூடப் பார்க்க மாட்டீர்களா, எதைத் தொட்டாலும் என்னைக் கேட்டுவிட்டுத் தொடக் கூடாதா என்றெல்லாம் கத்தினேன். அந்த வீட்டில் என் குரல் அந்த அளவுக்கு எழும்பியதே இல்லை.

அத்தை ஏணியிலேயே நின்றார். பிரஷைப் பக்கெட்டின் விளிம்பில் வைத்தார். பிறகு அவரும் கத்தினார்.

"உன்னையக் கேட்டுத்தாண்டி இந்தக் கருமம் புடிச்ச பச்சையவே வாங்குனது. ரெண்டு நாளா இதப் பாத்துப் பாத்து எனக்குக் கொமட்டிக்கிட்டு வருது."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "பச்சை உங்களுக்குப் புடிச்சதுதானுங்களே?"

"எனக்கெங்க புடிச்சுது? நீதான் நல்லாருக்குதுன்ன. எப்பப் பாரு பச்சைச் சீலையாக் கட்டறயேன்னு நானும் சரின்னு உட்டுப்போட்டேன்."

"அது நீங்க எடுத்துக் குடுத்த சீலைங்க. கட்டாட்டி நீங்க வருத்தப்படுவீங்கன்னு கட்டறேன். உங்க விரல் பச்சை மேலதானுங்க இருந்துச்சு."

"நான் பக்கத்துல இருந்த நீலத்தப் பாத்துட்டிருந்தேன்."

சுற்றிலும் மூன்றே கால் சுவர் பச்சை. யாருக்கும் பிடிக்காத பச்சை. மூன்று நாள் தேய்த்து, கரைத்து, ஏறி இறங்கி, முழங்கையெல்லாம் வலிக்க அதை நாங்கள் அடித்திருக்கிறோம். இன்னும் இரண்டு பக்கெட் பொடக்காலியில் இருக்கிறது. எனக்கு முதலில் அழுகைதான் வந்தது. அது பாதியில் சிரிப்பாக மாறியது. அத்தைக்கும் தோள் குலுங்கியது. ஏணியில் நின்றுகொண்டு சிரித்தால் விழுந்துவிடுவார் என்று ஓடிப்போய் ஏணியைப் பிடித்தேன். சிரிப்பு நின்றதும் அவர் இறங்கி வந்து, பரீட்சைப் பேப்பர்களின் நடுவில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையால் ஒற்றி ஒற்றிக் கொடுத்தார்.

அப்போதுதான் சொன்னார். வீடு கட்டியபோது அவருக்கு நீலம் அடிக்க ஆசை. அவருடைய மாமனார் ரோஸ் என்றுவிட்டார். பிறகு என் மாமனார் இரண்டு முறை வெள்ளையடித்தார். எங்கள் கல்யாணத்துக்கு மகன் மஞ்சள் அடித்தான். பெயிண்டர்கள் சுரண்டிய அன்று உதிர்ந்ததையெல்லாம் கூட்டி அள்ளியவர் அவர்தான். "இத்தனை அடுக்குல நீலம் மட்டும் இல்ல கண்ணு" என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

நான் எழுந்து சேலையை உதறினேன். ஹாலை முடித்துவிட்டு, திறக்காத இரண்டு பக்கெட்டையும் கொண்டுபோய் மாற்றிக்கொண்டு வரலாம் என்றேன். மாற்றித் தருவார்களா என்று கேட்டார். கேட்டுப் பார்ப்போம் என்றேன்.

மத்தியானம் டவுன் பஸ்ஸில் ஆளுக்கொரு பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உக்கடத்துக்குப் போனோம். அத்தை தலையில் கட்டிய துண்டை அவிழ்க்க மறந்துவிட்டார். நானும் சொல்ல மறந்துவிட்டேன். பஸ்ஸில் எதிர் சீட்டுப் பெண் எங்களை மேலும் கீழும் பார்த்து, எந்த ஊட்டுல வேலைங்க, எங்க ஊட்டுக்கும் வர முடியுங்களா என்று விசாரித்தாள். எங்க ஊட்டு வேலையே இன்னும் முடியலீங்க என்றார் அத்தை.

பெயிண்ட் கடை பாய், விற்ற சரக்கை மாற்றுவதில்லை என்றுதான் முதலில் சொன்னார். பிறகு எங்கள் கைகளைப் பார்த்தார், என் தலைமுடியைப் பார்த்தார். நீங்களேவா அடிக்கிறீர்கள் என்று கேட்டார். நடந்ததை நான் சொல்லச் சொல்ல, உள்ளேயிருந்து அவர் தம்பியையும் கூப்பிட்டு மறுபடி சொல்ல வைத்தார். இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தார்கள். பக்கெட்டுகளை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, நீலத்தில் மட்டும் ஏழெட்டுத் தினுசு இருக்கும் ஒரு அட்டையை எடுத்து அத்தையின் முன்னால் போட்டார்.

என் சந்தன நிறத்தை நான் ஒரே நிமிஷத்தில் எடுத்துவிட்டேன். அத்தை அரை மணி நேரம் பார்த்தார். அட்டையைக் கடைக்கு வெளியே கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். மறுபடி உள்ளே வந்து டியூப் லைட்டில் பார்த்தார். ஒன்றில் விரலை வைத்து, இது எப்படி என்று என்னிடம் கேட்டார். உங்களுக்குப் பிடித்தால் சரி என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "நல்லால்லீங்க அத்தை. ரொம்ப வெளுப்பு" என்றேன். "எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு" என்று அடுத்ததற்குப் போனார். கடைசியில் அவர் எடுத்தது, மழை விட்டு வெளுத்த அன்று சாயங்காலம் வானம் இருக்குமே, அந்த நீலம். ரூம் சின்னதாக இருந்தால் இருட்டடிக்கும் என்று பாய் எச்சரித்தார். அதைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டாம் என்று அத்தை அடக்கமாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த இரண்டு நாளும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே அடித்தோம். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அத்தை ஏணியிலிருந்தபடியே அவர்களோடு பேசினார். நடு நடுவே என்னை அதட்டினார். ஓரத்தை விட்டுப்போட்டாய், அங்கே திட்டு தெரிகிறது, கண்ணை எங்கே வைத்திருக்கிறாய் என்றார். நானும் விடவில்லை, மேல் விளிம்பு பாம்பு போகிற மாதிரி இருக்கிறது, கீழே இறங்கி வந்து பாருங்கள் என்றேன். இறங்கி வந்து பார்த்தார். ஆமாம், பாம்புதான் என்று ஒப்புக்கொண்டு திரும்ப ஏறினார். நீலம் ஈரமாக இருந்தபோது பாய் சொன்னதுபோல இருட்டாகத்தான் இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. காய்ந்ததும் வெளுத்து, ரூமே அகலமானதுபோல ஆகிவிட்டது. அன்று அத்தை மதியச் சாப்பாட்டுத் தட்டை அந்த ரூமுக்குக் கொண்டுபோய், வெறும் தரையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டார். குழம்பில் புளி அதிகம் என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். நான் வைத்த குழம்பில் அவர் சொன்ன முதல் குறை அது.

அந்த முறை டூட்டி மேல் டூட்டி விழுந்ததால், என் வீட்டுக்காரர் நாங்கள் வேலையை ஆரம்பித்த ஐந்தாம் நாள்தான் வந்து சேர்ந்தார். கார்டு பெட்டியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே காலை வைத்தவர் அப்படியே நின்றார். ஹால் பச்சை, ஒரு ரூம் நீலம், ஒரு ரூம் சந்தனம். பெயிண்டர்கள் கலரை மாற்றி அடித்துவிட்டார்கள், ஆளைப் பிடித்துக் கேட்கிறேன் என்றார். நாங்கள்தான் அடித்தோம் என்றதும் அம்மாவைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். எதற்கு மூன்று கலர் என்று கேட்டார். பச்சை எங்கள் இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை என்றோம். அவர் ஹாலைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, தனக்குப் பச்சைதான் நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறது என்றார்.

"உன்னைய யாருப்பா கேட்டா" என்றார் அத்தை. நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்திருந்தேன்.

பள்ளி திறந்த அன்று விடைத்தாள்களைக் கொடுத்தேன். பச்சைப் புள்ளி விழுந்த பிள்ளைகள் அது எதற்கு என்று கேட்டார்கள். பெயிண்ட் அடித்த கதையைச் சொன்னேன். புள்ளி விழாத இரண்டு பேர் தங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். அதற்குள் பெயிண்ட் வாசம் போயிருந்தது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு ரூமாக நடந்து பார்த்தாள். நீல ரூமில் வந்து நின்றாள். ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. கட்டிலில் உட்கார்ந்து, சாய்ந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மா, இந்த ரூம் குளுகுளுன்னு இருக்குது. பிரசவம் முடியற வரைக்கும் நான் இங்கயே இருந்துக்கறேன். நீ ஹாலுக்குப் போயிக்க."

மகள் கேட்டு அத்தை எதையும் இல்லையென்று சொல்லி நான் பார்த்ததில்லை. அவர் தலையணைக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்து, தட்டிச் சரிசெய்து, மகளின் தலைக்கு அடியில் வைத்தார்.

"படுத்துக்க சாமி. எத்தனை மாசம் வேணும்னாலும் என்கூடப் படுத்துக்க. ஆனா இது என்ற ரூமு."

நாத்தனார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அம்மாவுக்கு என்ன ஆனது என்று கேட்கிற பார்வை அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காபி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனேன். எனக்குச் சர்க்கரை கம்மியாகப் போடு, தினமும் பாயசம் மாதிரி வைக்கிறாய் என்று அத்தையின் குரல் பின்னாலேயே வந்தது.